எட்டாயிரத்து எண்பதாம் கதவு

ஜூன் 2, ஞாயிறு

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், பொன்னாத்தாள். என் மகன் லோகநாதன். மருமகள் வசந்தாமணி. பேத்தி நர்மதா. பேத்தியின் வீட்டுக்காரன் நவநீதன். அவன் அம்மா சரோஜினி. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகப் பேச வந்த நாச்சிமுத்து. ஏழு பேர்.

இப்படி ஆள் எண்ணி எழுதுவது பனியன் கம்பெனியில் வந்த பழக்கம். இருபத்தாறு வருடம் செக்கிங் மேசையில் நின்றேன். பீஸில் ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, என்ன தேதி, எந்த மெஷின், பக்கத்தில் யார் யார் என்று நோட்டில் குறிப்பேன். படிப்பு ஐந்தாம் வகுப்புதான். ஆனால் நான் எழுதிய நோட்டை மறுத்துப் பேச எந்த மாஸ்டருக்கும் வாய் வந்ததில்லை. எனக்கு எதுவும் மறக்காது. இருந்தாலும் தேதி போட்டு எழுதிவிட்டால் அடுத்தவர்கள் மறந்துவிட்டேன் என்று தப்ப முடியாது.

நர்மதா அவிநாசியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து நாற்பத்தொரு நாள். இன்று அவளைத் திரும்பக் கூப்பிட வந்தார்கள்.

சரோஜினி சொன்னாள், "மூணு வருசமா ஒரு கொறை வெச்சிருப்பமா? அவளையே கேட்டுப் பாருங்க."

நர்மதா தலை நிமிராமல் சொன்னாள், "கொறை இல்லீங்க. போன் பேசினா யார்ட்டன்னு கேக்க ஒருத்தரு. கடைக்குப் போனா எத்தனை நிமிசம்னு கேக்க ஒருத்தரு. ரொம்ப நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க."

அவள் கம்ப்யூட்டர் படித்தவள். கல்யாணத்துக்கு முன் ஒரு வருடம் வேலை பார்த்தாள். நவநீதன் அவிநாசியில் கம்ப்யூட்டர் விற்று ரிப்பேர் பார்க்கும் கடை வைத்திருக்கிறான். "ஒரு வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் ஆளு போதும்" என்று அவள் வேலையை நிறுத்தியவன் அவன். சொன்ன தேதி: கல்யாணமான அதே ஆவணி, இருபத்தொன்றாம் நாள், எங்கள் வீட்டு விருந்தில், இரண்டாவது வடையைப் பிட்டுக்கொண்டே.

பேச்சு ஒரு வழிக்கும் வரவில்லை. கடைசியில் லோகநாதன்தான் முடித்தான். "இந்த மாசம் முடியட்டுமுங்க. அதுக்குள்ள ஒரு வேலை கெடச்சா அவ பாட்டுக்கு இருக்கட்டும். கெடைக்கலீன்னா ஜூலை ஒண்ணாந்தேதி நானே கூட்டிட்டு வந்து விட்டுடறேன்."

நாச்சிமுத்து தொடையைத் தட்டி, "இது ஞாயம்" என்றார். நர்மதாவும் சரி என்றாள். அப்பன் வாக்கு அவளுக்குப் போதும்.

கிளம்பும்போது நவநீதன் கார் டிக்கியிலிருந்து ஒரு பையை எடுத்து வந்து கொடுத்தான். அவளுடைய லேப்டாப். "வேலை தேடோணுமில்ல, வெச்சுக்க. சர்வீஸ் பண்ணிச் சுத்தமா வெச்சிருக்கறேன்" என்றான். அவனைப் பற்றி இந்த நோட்டில் நல்லதாக எழுதும் முதல் வரி இது. இன்னொரு தம்ளர் காப்பி நானே கலந்து கொடுத்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி நர்மதாவுக்குப் பரீட்சை வைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே செய்யலாம். வெள்ளிக்கிழமை பதினாலாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். மூன்று வருடம் வீட்டில் இருந்தவளை வேறு எந்தக் கம்பெனியும் கூப்பிடவில்லை. கைவசம் இது ஒன்றுதான்.

என்ன பரீட்சை என்று கேட்டேன். சின்ன வெப் சர்வீஸ் ஒன்று செய்ய வேண்டுமாம். ஆஸ்பத்திரி டோக்கன் நம்பரைக் கேட்டால், உங்களுக்கு முன்னால் இத்தனை பேர் என்று அது பதில் சொல்ல வேண்டும்.

"கவுண்டர்ல ஒக்காந்திருக்கற புள்ளையாட்டவா?"

"அதேதான் ஆத்தா. அந்தப் புள்ளை பேருதான் சர்வர். மொதல்ல அவளை எழுப்பி ஒக்கார வெக்கோணும்."

"எந்திரிக்கறாளா?"

"எங்க! கூப்பிட்டா மொறச்சுட்டு மறுபடியும் படுத்துக்கறா."

திரையில் சிவப்பு எழுத்தில் நாலு வரி. பார்த்ததும் நான் நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். பிழை என்று ஒன்று இருந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.

முதல் பிழை. காலை 10.20. வேண்டிய சாமான் ஒன்று கம்ப்யூட்டருக்குள் இல்லையாம். இன்டர்நெட்டிலிருந்து இறக்கினாள். சரியாயிற்று.

இரண்டாவது. 11.05. அவள் எழுதியதில் ஒரு வரி ஓர் எழுத்து இடம் தள்ளி ஆரம்பித்திருந்தது. அதற்காகவா எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள்! வெளிநாட்டிலிருந்து பனியன் வாங்கும் எங்கள் பையர்கூடக் கால் இஞ்சு வரை விட்டுக்கொடுப்பான்.

ஜூன் 5, புதன்

மூன்றாவது பிழை. காலை முழுவதும் தின்றது. செட்டிங் எழுதிய கோப்பு கண்முன்னே இருக்கிறது, ஆனால் சர்வர் அதைக் காணோம் என்கிறது. கோப்பின் பெயருக்குப் பின்னால் இன்னொரு வால் ஒட்டிக்கொண்டிருந்ததாம், திரையில் வால் தெரியாதாம். மதியம் கண்டுபிடித்து வெட்டினாள்.

தலையில் அடித்துக்கொண்டாள். "காலேஜ்ல பத்து நிமிசத்துல கண்டுபுடிப்பேன் ஆத்தா. துருப்புடிச்சுப் போச்சு."

வெயிலுக்கு ஆகட்டும் என்று கம்பங்கூழ் கரைத்தேன். வசந்தாமணி உப்பு அதிகம் என்றாள். அதிகம் இல்லை.

ஜூன் 6, வியாழன்

ஒரு விஷயம் சரியில்லை.

நேற்று மத்தியானம் நர்மதா ஒரு வக்கீலம்மாவுக்குக் கடிதம் எழுதினாள். எழுதியபோது அறையில் இருந்தவர்கள்: நான், நர்மதா, துணி மடித்துக்கொண்டிருந்த வசந்தாமணி. லோகநாதன் இல்லை, அவன் ஏற்றுமதிக் கம்பெனியில் டிஸ்பேட்ச் பார்ப்பவன், ஏழு மணிக்கு மேல்தான் வருவான்.

இன்று காலை ஒன்பது மணிக்கு நவநீதன் போன் செய்து, "வக்கீல் எல்லாம் எதுக்கு? நாம பேசித் தீத்துக்க மாட்டமா?" என்கிறான்.

நான் சொல்லவில்லை. நர்மதா சொல்லவில்லை. மூன்றில் இரண்டு போனால் மீதி ஒன்று.

வசந்தாமணியின் வாய் எனக்குப் புதிதல்ல. 2009 ஆவணியில் என் கண்ணில் புரை விழுகிறது என்று இவள் தன் தங்கச்சியிடம் சொன்னாள். தங்கச்சி புருஷன் எங்கள் கம்பெனி வேன் டிரைவர். மூன்றாம் நாள் என்னைச் செக்கிங் மேசையிலிருந்து எடுத்து, பீஸ் எண்ணிக் கட்டும் இடத்தில் போட்டார்கள். ஆபரேஷன் செய்து கண் தெளிந்த பிறகும் மேசை திரும்பக் கிடைக்கவில்லை. பதினைந்து வருடமாக அவளோடு ஒரே அடுப்பில் சமைக்கிறேன். அதை ஒரு நாளும் மறக்கவில்லை.

ஜூன் 7, வெள்ளி

நாலாவது பிழை. டோக்கன் கணக்கெல்லாம் வைத்திருக்கும் பெட்டியைத் திறக்காமலே கவுண்டர் பெண்ணை எழுப்பியிருக்கிறாள். பெட்டியை முதலில், பெண்ணை அப்புறம். வரிசை மாற்றினாள்.

மாலையில் நர்மதாவோடு படித்த பர்வீன் போனில் பேசினாள். வேலை கிடைத்தால் கோயம்புத்தூரில் எங்கே தங்குவது என்று இருவரும் கம்ப்யூட்டரில் லேடீஸ் ஹாஸ்டல் தேடினார்கள். பீளமேட்டில் ஒன்று பிடித்திருந்தது. அறையில் நான், நர்மதா. வசந்தாமணி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்று எட்டிப் பார்த்தாள். நேரம் 5.40.

ஜூன் 8, சனி

சரோஜினி போன் செய்தாள். "பீளமேட்டுல எல்லாம் ஹாஸ்டல் நல்லா இருக்காது கண்ணு" என்றாளாம்.

நான் நினைத்தது சரி. ஒரே பிழை, ஒரே இடத்தில், இரண்டாவது பீஸ்.

லோகநாதன் பாவம், பெண்டாட்டிக்கும் மகளுக்கும் நடுவில் கிடந்து அவன் மெலிகிறான். இன்று அரை நாள் லீவு, மதியம் சாப்பிட உட்கார்ந்தவன் நர்மதாவிடம், "ஹாஸ்டல் சோறு உனக்கு ஒத்துக்காது சாமி" என்று மெல்லச் சொன்னான். ஹாஸ்டல் பேச்சே அவன் காதில் யாரும் போடவில்லை. பெற்ற மனசுக்குத் தானாகத் தெரிகிறது பார்.

ஜூன் 9, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

சமையலறையில் நானும் வசந்தாமணியும் மட்டும். அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இங்க பேசறதெல்லாம் நவநீதனுக்குத் தாக்கல் போகுது. யாரு சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும்."

கத்தி நின்றது. "யாரு?"

"ரெண்டு தடவையும் அறையில இருந்தவங்க பேரை எழுதி வெச்சிருக்கறேன்."

"எழுதுங்க. எனக்குக் கல்யாணமான நாள்ல இருந்து எழுதறீங்க. என்ற புள்ளையை அந்த ஊட்டுக்குத் திருப்பித் தாட்டிவிடோணும்னு நானே போன் பண்ணிச் சொல்லுவனா? அவ ஒடம்பு எளச்சு வந்து நின்ன அன்னிக்கிருந்து மூணு நாளா நான் சோறு திங்கல. அதை எழுதினீங்களா அத்தை?"

எழுதவில்லை. அன்றைக்கு நானும் சாப்பிடவில்லை, அதனால் கவனிக்கவில்லை.

"2009ல சொன்னியல்ல?" என்றேன்.

"சொன்னேன். ஓட்டைத் துணிய நல்ல துணின்னு பாஸ் பண்ணிக் கெட்ட பேரோட வெளிய வந்துருவீங்களோன்னு பயந்து சொன்னேன். இவ்வளவு நாளா அதையா அடைகாத்துட்டிருக்கறீங்க?"

கத்தரிக்காயை அவள் ரொம்பப் பொடியாக நறுக்கிவிட்டாள், குழம்பில் கரைந்துபோயிற்று.

ஜூன் 10, திங்கள்

இன்று எல்லாம் சரியாக எழுதியாயிற்று என்றாள். சாமான் இருக்கிறது, வரி நேராக இருக்கிறது, வால் இல்லை, பெட்டி திறந்திருக்கிறது. 11.15க்கு எழுப்பினாள்.

ஐந்தாவது பிழை. இது புது மாதிரி.

ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு கதவு நம்பர் உண்டாம், போர்ட் என்கிறார்கள். கம்பெனி கொடுத்த நம்பர் எட்டாயிரத்து எண்பது. அந்தக் கதவில் ஏற்கெனவே யாரோ உட்கார்ந்திருக்கிறார்களாம், அதனால் இவளுக்கு இடமில்லை என்று வருகிறது.

"வேற கதவுல ஒக்கார வெச்சுட்டுப் போயேன்."

"வெச்சுப் பாத்தேன் ஆத்தா, பொட்டாட்ட எந்திரிச்சு ஒக்காந்துக்கறா. ஆனா கம்பெனியில பரிட்சை பாக்கற புரோகிராம் இந்தக் கதவைத்தான் தட்டுமாம். வேற கதவுன்னா பூஜ்யம்."

கம்பெனிக்கு மெயில் போட்டுக் கேட்டாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது, எல்லோருக்கும் ஒரே விதிதான் என்று. பர்வீன் தன் லேப்டாப்பைத் தருவாள், ஆனால் அது அவள் ஆபீஸ் கொடுத்தது, வெளி ஆள் எதையும் ஏற்ற முடியாமல் பூட்டியிருக்கிறார்கள்.

லோகநாதன் வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல், "ஆச்சா சாமி?" என்று கேட்டான்.

"இல்லீங்ப்பா."

"அந்த எட்டாயிரத்து எண்பதுதான் வேணும்னு அவன் நின்னா நீ என்ன பண்ணுவே, விடு" என்று அவள் தலையைத் தடவினான்.

அத்தனை பெரிய நம்பர் அவன் வாயில் எப்படி நின்றது என்று எனக்கே ஆச்சரியம். நினைவு விஷயத்தில் அவன் என் பிள்ளை.

ஜூன் 11, செவ்வாய்

கதவில் உட்கார்ந்திருப்பது யார் என்று தேடினாள். ஒரு பெயர் வந்தது. பிரிண்டருக்கு உதவி செய்யும் புரோகிராமாம்.

"நம்ம ஊட்டுல பிரிண்டரே இல்லையே அம்முணி."

"அதான் நானும் பாக்கறேன்."

எழுப்பி வெளியே தள்ளினாள். 10.02. உடனே இவளுடைய சர்வரைக் கூப்பிட்டாள். கூப்பிடுவதற்குள் அது திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது, 10.03. மறுபடி தள்ளினாள், 10.10. மறுபடி வந்தது, 10.11. கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டாள். திரை வெளிச்சமாவதற்கு முன்பே அது உட்கார்ந்திருந்தது. ஏழு தடவை எழுதினேன். ஏழும் ஒரு நிமிடத்துக்குள்.

பிழை இப்படி நேரம் தவறாமல் வராது. ஊசி உடைந்து விழும் ஓட்டைக்கு நேரம் காலம் கிடையாது. நேரம் பார்த்து வருகிறது என்றால் யாரோ வரச்சொல்லியிருக்கிறார்கள்.

லோகநாதன் இன்றும் "ஆச்சா சாமி?" என்றான். நர்மதா சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துவிட்டாள்.

ஜூன் 12, புதன்

இருந்தவர்கள்: நான், நர்மதா, லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டரில் வந்த பர்வீன், வசந்தாமணி. வசந்தாமணியை நான் கூப்பிடவில்லை, அவளாக வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

பர்வீன் வந்ததுமே, "எங்கடி அந்த வெக்கங்கெட்ட பிரிண்டரு?" என்றாள். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கும். பிரியாணிக்கு எலுமிச்சை பிழியாதே என்று ஒருமுறை என்னிடமே சொன்னவள், அதையும் மன்னித்திருக்கிறேன்.

"ஏண்டி, அந்தக் கதவை நீயே போய்த் தட்டிப் பாத்தியா? உள்ள இருக்கறவன் வாயத் தொறப்பானில்ல."

நர்மதா கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்டர்நெட் பார்க்கும் இடத்தில் தன் கம்ப்யூட்டர் முகவரியையே போட்டு, பக்கத்தில் கதவு நம்பரையும் போட்டாள்.

ஒரு பக்கம் திறந்தது. நீல நிறம். பாஸ்வேர்ட் கேட்டது.

நர்மதாவின் முகம் வெளுத்துவிட்டது. "இது பிரிண்டர் இல்ல ஆத்தா" என்றாள்.

"யாரு வெச்சது?"

"சர்வீஸ் பண்ணிக் குடுத்தாரே, அவருதான்."

பிறந்த நாள் போட்டாள், திறக்கவில்லை. கல்யாண நாள் போட்டாள். கடைப் பெயர் போட்டாள். பர்வீன், "உன் பேரைப் போட்டுப் பாரு" என்றாள். நர்மதா சிரித்தாள். "என் பேரா? நீ வேற."

நான் சொன்னேன், "ஆறு ஒண்ணு ஏழு நாலு போடு."

பெண் பார்க்க வந்த கார் அது. வெள்ளைக் கார். தை மாதம், பதினெட்டாம் தேதி. வாசலில் இறங்கியதும் பையன் பெருமையாக, பேன்சி நம்பருங்க, எங்களுக்கு எல்லாத்துக்கும் இதே நம்பர்தான், மறக்கவே மறக்காதுங்க என்றான். எனக்கும் மறக்கவில்லை.

திறந்துகொண்டது.

உள்ளே நர்மதாவின் திரை. இன்றைய திரை, நேற்றைய திரை, பத்து நிமிடத்துக்கு ஒரு படம். ஜூன் 2 முதல் ஒன்று விடாமல். வக்கீலம்மாவுக்கு எழுதிய கடிதம். பீளமேட்டு ஹாஸ்டல். சிவப்பு வரிகள் அத்தனையும். அவள் ஒவ்வொரு பிழையோடும் மல்லுக்கட்டியதை வேறொரு இடத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

நான் என் நோட்டைப் புரட்டினேன். தாக்கல் போன இரண்டு நாளும் அறையில் இருந்தவர்கள் என்று எழுதியிருக்கிறேன். லேப்டாப்பை எழுதவில்லை. அதை ஆளாக எண்ணத் தோன்றவில்லை. இருபத்தாறு வருடம் பிழை பிடித்தவள், மேசைமேலேயே கிடந்ததை விட்டுவிட்டேன்.

வசந்தாமணி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

"இதெல்லாம் எங்க போகுதுன்னு இருக்கும் பாரு" என்றாள் பர்வீன். நர்மதா இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். இரண்டு மெயில் முகவரி இருந்தது. முதலாவதைச் சத்தமாகப் படித்தாள், நவநீதனுடையது. இரண்டாவதைப் படிக்கவில்லை.

"ரெண்டாவது யாருது?" என்றேன்.

பர்வீன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

வசந்தாமணி கட்டிலிலிருந்து எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். அப்புறம் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள், கேஸ் புக்கிங்குக்கும் ரேஷன் கார்டுக்கும் இத்தனை வருடமாக அவளே எழுதிக் கொடுத்த எழுத்துகள், தடுமாறவே இல்லை. கடைசி எழுத்து வரை படித்துவிட்டு, "அவருதுதான்" என்றாள்.

நர்மதா ஒவ்வொரு பக்கத்தையும் தன் போனில் படம் எடுத்தாள், வக்கீலம்மாவுக்கு வேண்டுமென்று. நாலைந்து படம் கலங்கிவிட்டது, பர்வீன் வாங்கி எடுத்தாள். பிறகு அதே நீலப் பக்கத்தில் அதை வேரோடு எடுக்கும் பொத்தான் இருந்தது. ஆறு ஒன்று ஏழு நாலை மறுபடி கேட்டது. கொடுத்தாள். போயிற்று.

12.48. சர்வரை எழுப்பினாள். சிவப்பு வரவில்லை. ஒரே ஒரு வெள்ளை வரி. எட்டாயிரத்து எண்பதில் தயாராக இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தமாம்.

"டோக்கன் நம்பர் சொல்லு ஆத்தா" என்றாள் நர்மதா. அழுதுகொண்டே சொன்னாள்.

"முப்பத்தேழு."

உங்களுக்கு முன்னால் பன்னிரண்டு பேர் என்று வந்தது.

ஒன்றே காலுக்கு நவநீதன் போன் வந்தது. வசந்தாமணி எடுத்து, "ராங் நம்பருங்க" என்று வைத்துவிட்டாள்.

ஜூன் 13, வியாழன்

நேற்று லோகநாதன் வேலை முடிந்து தாமதமாக வந்து படுத்துவிட்டான். இன்று வழக்கத்துக்கு மாறாக மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தான். இருந்தவர்கள்: நான், வசந்தாமணி, அவன். நர்மதா உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு பரீட்சை வேலை பார்த்தாள்.

ரசம் ஊற்றும் வரை பொறுத்தேன். "அவ கம்ப்யூட்டர்ல நவநீதன் வெச்ச கண்ணு உனக்குத் தெரியுமாடா?"

இல்லை என்று சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனோ என்னவோ. அவன் கையைக் கழுவினான்.

"தெரியுமுங்ம்மா. மாப்பிள்ளை கேட்டாரு. புள்ளை எதாச்சும் பண்ணிக்கிட்டா யாரு பொறுப்புன்னாரு. பாதுகாப்புக்குத்தானேன்னு சரின்னுட்டேன்."

"வக்கீலம்மாவுக்கு எழுதினதைப் படிச்சியா?"

"வரும். பாப்பேன்."

"போனைக் குடுங்க" என்றாள் வசந்தாமணி. கல்யாணமான இருபத்தொன்பது வருடத்தில் அவள் அவனிடம் இப்படிக் கை நீட்டி நான் பார்த்ததில்லை. கொடுத்துவிட்டான். அவன் கெட்டவன் இல்லை, யார் கை நீட்டினாலும் கொடுத்துவிடுவான்.

அவள் தள்ளித் தள்ளிப் பார்த்து ஓர் இடத்தில் நின்றாள். சத்தமாகப் படித்தாள். திங்கட்கிழமை, பத்தாம் தேதி, காலை 11.40. நவநீதன் எழுதியது: "மாமா, நம்ம புரோகிராம் அதே கதவுல ஒக்காந்திருக்கு. அது இருக்கற வரைக்கும் அவளுது எந்திரிக்காது. வெள்ளிக்கிழமை தாண்டிட்டா தானா வழிக்கு வந்துருவா. நீங்க எதையும் சொல்லிக்காதீங்க."

கீழே லோகநாதன் எழுதியது: "சரிங்க மாப்பிள்ளை."

அன்று சாயங்காலம்தான் சட்டையைக்கூடக் கழற்றாமல் "ஆச்சா சாமி?" என்று கேட்டான்.

"ஊருல நாலு பேரு கேப்பாங்கம்மா" என்றான். "வாழாவெட்டின்னு சொல்லுவாங்க. நான் அவளுக்கு எதிரியா? நல்லா வாழட்டும்னுதான்..."

"ரசம் ஆறுது, குடி" என்றேன்.

அவன் போன பிறகு வசந்தாமணி பாத்திரம் தேய்த்தாள். நான் பக்கத்தில் நின்று கழுவினேன். அவள் வேலை அது, நான் போவதில்லை. 2009 ஆவணிப் பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்துவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன்.

"எனக்கென்ன தெரியும், இன்னும் எத்தனை பக்கம் இருக்கோ" என்றாள். கரண்டியை என் கையிலிருந்து வாங்கி மறுபடி தேய்த்தாள், நான் சரியாகக் கழுவவில்லையாம்.

ஜூன் 14, வெள்ளி

அனுப்பியாயிற்று. மாலை 3.26.

ஜூன் 16, ஞாயிறு

நவநீதனும் சரோஜினியும் வந்தார்கள். வசந்தாமணி கேட்டைத் திறக்கவில்லை. சரோஜினி தெருவில் நின்று, "என்ற பையன் அவ மேல உசுரு, அதான் பாத்துக்கிட்டான்" என்றாள். "உசுரு இருந்தா நேர்ல வந்து மூஞ்சியப் பாக்கோணும், பிரிண்டர் வேசம் எதுக்குப் போட்டான்?" என்று மாடியிலிருந்து கேட்டேன். எதிர் வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள்.

ஜூன் 17, திங்கள்

நர்மதா வக்கீலம்மாவோடு போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஜூன் 19, புதன்

கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். அவளுடைய சர்வரிடம் நூறு கேள்வி கேட்டார்களாம். தொண்ணூற்றாறுக்குச் சரியாகப் பதில் சொல்லியிருக்கிறாள் அந்தக் கவுண்டர் பெண். நேரில் வரச் சொன்னார்கள்.

ஜூன் 20, வியாழன்

வெண்டைக்காய்ப் பொரியல். மழை.

ஜூன் 24, திங்கள்

நேர்முகம் முடித்து வந்தாள். சர்வர் எழுந்திருக்காமல் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்களாம். கதவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன், பெயரை நம்ப மாட்டேன், போய்த் தட்டிப் பார்ப்பேன் என்றாளாம். கேட்டவர் குறித்துக்கொண்டாராம்.

ஜூன் 28, வெள்ளி

வேலை கிடைத்துவிட்டது. ஆர்டர் வந்த லேப்டாப்பை வசந்தாமணி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பர்வீன் போனில் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

ஜூன் 30, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்கள்: நான், வசந்தாமணி, நர்மதா, பர்வீன், லோகநாதன்.

அவனை யாரும் கூப்பிடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான். கோயம்புத்தூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் பிடித்து, துண்டு போட்டுவிட்டு இறங்கினான். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தான். நர்மதா வாங்கிக்கொண்டாள். "போயிட்டு வரனுங்ப்பா" என்றாள். அவன் அழுதான். அவள் அவன் தோளைத் தொட்டாள். அது அவள் மனசு, அதில் நான் தலையிட மாட்டேன்.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது வசந்தாமணி என்னோடு சேர்ந்து நடந்தாள். அவன் பத்தடி பின்னால் வந்தான்.

"நானே விட்டுட்டேன் அத்தை. நீங்களும் விட்டுருங்க" என்றாள். "உங்க பையன்தானே."

"அதான்" என்றேன்.

நவநீதன் செய்ததற்குப் போலீஸ் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. அவனை நான் பெறவில்லை, வளர்க்கவில்லை. சரோஜினி தன் பிள்ளைக்காகப் பேசினாள், அம்மாக்காரி பேசத்தான் செய்வாள். இருவரையும் ஏதாவது ஒரு நாள் மறந்தாலும் மறப்பேன்.

தன் மகள் ஒவ்வொரு நாளும் தோற்பதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து "ஆச்சா சாமி?" என்று கேட்டவனை மன்னிக்க மாட்டேன். அவன் பெயர் லோகநாதன். என் வயிற்றில் பிறந்தவன்.